பஞ்சப்படிக் காராச்சேவு

போடியிலிருந்து ராசிங்காபுரம் பஸ்சில் ஏறினால், ராசிங்காபுரம் வருவதற்கு முன்பே இறங்கிக்கொள்ள வேண்டிய சின்ன ஊர் ஒன்று உண்டு. கொஞ்ச காலம் முன்பு வரை அங்கே டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அந்த வீட்டில் இருக்கும் அன்னக்கொடி ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை என்பது மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது.

அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். தேவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அரிசி, பருப்பு, முட்டைக்குப் பொறுப்பு. தோளில் கைப்பை, கையில் குடை, கஞ்சி போட்ட சேலை என்று காலை பஸ்சுக்கு நின்றவளை ஊர் தானாகவே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு பேரிடம், "டீச்சர் இல்லங்க, சத்துணவு" என்று திருத்திப் பார்த்தாள், அவர்கள் காதில் வாங்கவில்லை. பிறகு விட்டுவிட்டாள். காதுக்கு இனிப்பாக இருக்கிற பெயரை எவள் மெனக்கெட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள்? பஸ்சில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையை வீடு தேடி வந்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் வேறு ஊரில் இருந்ததால் உண்மை தெரிந்த ஆளும் பக்கத்தில் இல்லை. கட்டியவன் கல்யாணமான சில வருஷத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளையும் இல்லை. அவளுக்கென்று இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

வயதாகி வேலையை விட்டு வந்தபோது மாலை போட்டு அனுப்பினார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அரசாங்கத்தில் நிரந்தர வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு விலைவாசி ஏற ஏறப் பென்ஷனும் கூடும். வருஷத்துக்கு இரண்டு தடவை அறிவிப்பு வரும். பேப்பரில் அதை அகவிலைப்படி என்பார்கள், டி.வி.யில் டி.ஏ. என்பார்கள். ஊருக்குள் இன்னும் பழைய பெயர்தான், பஞ்சப்படி. ஆனால் சத்துணவில் இருந்தவர்களுக்கு அது கிடையாது. அன்னக்கொடிக்குக் கிடைத்ததன் பெயர் சிறப்பு ஓய்வூதியம். பெயரில் இருக்கிற சிறப்பைத் தவிர அதில் வேறு சிறப்பு இல்லை. மாதம் இரண்டாயிரம், நட்டுவைத்த கல் மாதிரி. துவரம்பருப்பு ஏறினாலும் அது அசையாது, சிலிண்டர் ஏறினாலும் அசையாது. பஞ்சப்படி வாங்குகிறவர்களுக்கு விலைவாசியோடு பென்ஷனும் ஏறியது. அன்னக்கொடிக்கு விலைவாசி மட்டும் ஏறியது.

ஊரில் நிஜமான வாத்தியார் ஒருவர் இருந்தார், பேச்சிமுத்து என்று பெயர். பஞ்சப்படி கூடிய செய்தி வந்தால் அன்றைக்குச் சாயங்காலம் சின்ராசு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுப்பார். அது அவராக வைத்த வழக்கம். நாளடைவில் ஊர் அதைத் தன் உரிமையாக்கிக்கொண்டது. அன்னக்கொடி ஓய்வு பெற்ற வருஷம் வாத்தியார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மதுரைக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்த அறிவிப்பு டி.வி.யில் ஓடியபோது அன்னக்கொடி பால் வாங்கக் கடைக்கு வந்திருந்தாள்.

"வாத்தியார் போனா என்ன, நம்ம டீச்சரம்மா இருக்காகள்ல" என்றான் சின்ராசு. "பஞ்சப்படி ஏத்திட்டானாம்லம்மா. எங்களுக்கு ஒண்ணும் கெடையாதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், மரியாதையான சிரிப்புதான். எனக்கு அது கிடையாதுப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லத்தான் நினைத்தாள். ஏன் கிடையாது என்று கேட்பார்கள். சத்துணவு என்று சொல்ல வேண்டும். அப்புறம் டீச்சர் என்று எப்படிக் கூப்பிடுவார்கள்?

"அரைக் கிலோ போடு சின்ராசு" என்றது அவள் வாய்.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ஆண்களைப் பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மீசை பெண்களுக்கும் உண்டு, வெளியே தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் பால் வாங்காமல் வீட்டுக்குப் போனாள். அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, தனக்கு வராத பஞ்சப்படிக்காக ஊருக்குச் சேவு வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு பொய் தனியாகக் குடியிருக்காது, சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அந்த இரண்டாயிரத்தில் மாதத்தை ஓட்ட முடியாமல் போனபோது அன்னக்கொடி போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போனாள். மலையிலிருந்து வருகிற காய்ந்த ஏலக்காயைச் சுளகில் கொட்டி, காம்பைத் தேய்த்து, வெடித்த காயைத் தள்ளி, பச்சை மாறாத பெரிய காயைத் தனியாக எடுக்கிற வேலை. தரையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. போடி சுற்று வட்டாரத்தில் பாதிப் பெண்கள் செய்கிற வேலைதான், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் அவள் சொன்னது, "ஸ்டோர்ல கணக்கு எழுதுறேன். சும்மா இருந்தா பொழுது போகணும்ல" என்று. ஊரும் நம்பியது. உடம்பெல்லாம் ஏலக்காய் மணக்கிறதே என்று கேட்கவும் வழியில்லை, கணக்குப்பிள்ளையும் ஸ்டோரில்தானே இருப்பார். தேவாரம் பக்கமிருந்து பொறுக்குகிற பெண்களை ஏற்றி வருகிற வேன், டிரைவரின் டீக்காக ஊர் முகப்பில் டீக்கடை வாசலில் நிற்கும்; இந்த ஊரிலிருந்து அந்த ஸ்டோருக்கு வேறு யாரும் போவதில்லை. அன்னக்கொடி அங்கே ஏறமாட்டாள். கைப்பையை மாட்டிக்கொண்டு ஊரைத் தாண்டி வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்து போய், அங்கே கை காட்டி ஏறுவாள். நடைப்பயிற்சி நல்லது என்று டாக்டர் சொன்னாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அவளுடைய அக்கா மொக்கம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

மொக்கம்மாள் சின்ன வயதிலேயே இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். புருஷனும் தோட்டத்திலேயே வேலை பார்த்தான், தோட்டத்திலேயே செத்தான். முதலாளி சின்ன முதலாளி. பி.எஃப். என்றோ பதிவேடு என்றோ அங்கே எதுவும் கிடையாது. மூட்டு இரண்டும் போய், சரிவில் நிற்க முடியாமல் ஆனதும் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒரு துணிப்பையும் நிறைய மலையாள வார்த்தைகளும்தான் அவள் கொண்டுவந்த சேமிப்பு. அன்னக்கொடி பத்தாவது பாஸ் பண்ணியது அக்கா மலையிலிருந்து அனுப்பிய கூலியில்தான். அந்தப் பத்தாவதை வைத்துத்தான் சத்துணவு வேலை. ஆகவே அக்காவை வைத்துப் பார்ப்பதில் அவளுக்குக் கணக்கு எதுவும் இல்லை, சந்தோஷமாகத்தான் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தாள்.

கஷ்டம் மொக்கம்மாளுக்குத்தான். வாழ்நாளில் ஒரு வேளையும் பிறர் உழைப்பில் சாப்பிட்டுப் பழகாதவள். தட்டில் இரண்டாவது கரண்டி வைத்தால், "மதி அன்னம், மதி" என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லிக் கையை வைத்து மறைப்பாள். மூட்டு மாத்திரை தீர்ந்தால் சொல்லமாட்டாள், சுவரைப் பிடித்து நடக்கும்போதுதான் தெரியவரும்.

"முதியோர் பணம் குடுக்குறாகளாமே" என்று ஒரு நாள் கேட்டாள். "அது வந்தா எஞ்சோத்துக்கு நான் குடுத்துருவேன். ஓசிச் சோறு எறங்க மாட்டேங்குது."

"ஓசியா? நான் யாரு ஒனக்கு?" என்று அன்னக்கொடி கோபப்பட்டாள். கோபப்பட்டாலும் மறு வாரமே எழுதிப் போட்டாள். அக்காவுக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். வீட்டுக்கு இன்னொரு வருமானம் வந்தால் மாத்திரையாவது தவறாமல் வாங்கலாம் என்று அவளுக்கும் இருந்தது. வீடு அசையாமல் தின்னும் என்று சும்மாவா சொன்னார்கள்.

விசாரிக்க வந்தது வி.ஏ.ஓ. ரேணுகா. வேலைக்குப் புதிது, முகம் பார்த்துப் பேசுகிற பெண். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அக்கா தங்கச்சி இரண்டு பேரையும் அங்கேயே வரச்சொன்னாள். நாலு பேர் முன்னால் விசாரிப்பதுதான் முறையாம். பாட்டியைப் பார்த்துக்கொள்ள வருமானமுள்ள ஆள் இருந்தால் பணம் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

மொக்கம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள் அன்னக்கொடி. அவள் வாயைத் திறப்பதற்குள் சின்ராசு முந்திக்கொண்டான். பாவம், அவனுக்கு எண்ணம் நல்ல எண்ணம்தான். ஊர்ப் பெருமையைப் பேசினான்.

"இந்தப் பாட்டிக்கு என்னம்மா கொறை? தங்கச்சி டீச்சரு. கவர்மெண்ட்டு பென்ஷன். பஞ்சப்படி ஏறுன அன்னிக்கு எங்களுக்கே சேவு வாங்கிக் குடுக்குற கையி. கூடப் பொறந்தவளையா விட்டுருவாக?"

"அது போக ஸ்டோர்ல கணக்கு வேற எழுதுறாக" என்றார் பெஞ்சில் இருந்த ஜக்கையன். ஊரில் கொஞ்சம் நிலபுலம் உள்ளவர், எதையும் கூட்டிச் சொல்லி முடித்துவைப்பது அவர் பழக்கம்.

ரேணுகா அன்னக்கொடியைப் பார்த்தாள். "அப்படியாங்கம்மா?"

அன்னக்கொடிக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்தது. இல்லை என்று இப்போது சொன்னால், இத்தனை வருஷமும் தின்ற சேவு எல்லோர் வாயிலும் கசக்கும். அக்காவின் பணம் ஒரு பக்கம், தன் பெயர் ஒரு பக்கம். எது பெரிது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையைக் குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

ரேணுகா மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மொக்கம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க பாட்டி. தங்கச்சி உங்கள நல்லா வச்சிருக்காங்களா?"

மொக்கம்மாள் தங்கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ராணியாட்டம் வச்சிருக்கா" என்றாள். "எனக்கு ஒரு கொறையும் இல்ல தாயி."

"அப்ப எதுக்குப் பாட்டி எழுதிப் போட்டீங்க?"

"புத்தி கெட்டுப் போட்டுட்டேன். விட்ரு தாயி."

ஜக்கையன் சிரித்தார். ரேணுகா எழுதிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வருகிறவர் போகிறவர் எல்லாம், டீச்சருக்கு எப்பேர்ப்பட்ட அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்னக்கொடிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அது என்னவோ கேட்கும்போது பிளப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மொக்கம்மாள் ஒன்றும் நடக்காதது போலக் கீரை ஆய உட்கார்ந்தாள். அன்னக்கொடி வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏன்க்கா அப்பிடிச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? நீ சொல்லுவேன்னு பாத்தேன். அந்தப் பொண்ணு ரெண்டு மட்டம் ஒம் மொகத்தப் பாத்துச்சு. நீ குனிஞ்சிக்கிட்ட. தங்கச்சி பொய்க்காரின்னு ஊரு பேச நான் வாயத் தொறக்கணுமாக்கும்?"

"ஒனக்குத் தெரியுமா?"

"சின்னதுல இருந்து காய் எடுத்தவ நான். கணக்கு எழுதுறவளுக்குக் கட்டவெரல் இப்பிடி வெடிக்குமா? வந்த அன்னிக்கே தெரியும்."

அன்னக்கொடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சப்படி இல்லாததையும் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மொக்கம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பஞ்சப்படின்னா பஞ்சத்துல கெடக்குறவளுக்குத்தான் குடுப்பாகன்னு நெனச்சேன்" என்றாள். "ஒனக்குக் குடுக்கலைங்கிறது அவுக பாடு. ஆனா அன்னம், ஒண்ணு கேக்குறேன். எம் பொழப்பு முச்சூடும் நான் பாத்த பணி அது. காய் எடுத்தேன், காய் பொறுக்குனேன். ஒன்னயப் படிக்க வச்சது அந்தக் காசு. அதச் சொல்ல ஒனக்கு அம்புட்டு வெக்கமா?"

அன்னக்கொடி அதுவரைக்கும் தன் வறுமையைத்தான் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மறைத்தது அக்காவை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை. இதுதான் வெட்கம். அக்கா முன்னால் நிற்க முடியாமல் கொல்லைப்புறம் போய் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை கூட வரவில்லை, அது வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஸ்டோருக்குப் போகாமல் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள், ரேணுகா முன்னால் எல்லாம் கலைந்துபோயின. எப்படியோ சொல்லி முடித்தாள். ரேணுகா கோபப்படவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அன்னக்கொடிக்குத் தோன்றியது.

"நேத்துக் கேட்டப்ப சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் ரேணுகா. "இப்ப நான் மாத்தி எழுதணும்னா மறுபடியும் தெருவுல விசாரிக்கணும். பாட்டியே நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாங்க. ஊர்க்காரங்களும் அப்படியே சொன்னாங்க. அவங்க மாத்திச் சொன்னாத்தான் நான் எழுத முடியும். அடுத்த வாரம் வர்றேன்."

ஆக, ஊருக்கே சொல்லியாக வேண்டும். அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போனாள். ஜக்கையனும் இருந்தார், இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் நின்றபடியே சொன்னாள்.

"சின்ராசு, எனக்குப் பஞ்சப்படியெல்லாம் கெடையாதுப்பா. நான் டீச்சரும் இல்ல. சத்துணவுல இருந்தேன். அன்னிக்கிருந்து அதே ரெண்டாயிரந்தான் வருது. போடில கணக்கு எழுதல, காய்தான் பொறுக்குறேன். எங்கக்கா நேத்துச் சொன்னது எனக்காகச் சொன்னது."

சின்ராசு டீ ஆற்றுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"போங்க டீச்சரம்மா."

"நெசமாத்தாம்பா."

ஜக்கையன் தொண்டையைச் செருமினார். "இந்தாங்க டீச்சர், நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக. இருக்குறவுகதான் இல்ல இல்லேம்பாக. இல்லாதவன் வெளிய சொல்லுவானா? பஞ்சப்படியும் வேணும், அக்காவுக்கு முதியோர் பணமும் வேணும்னா எப்பிடி? ஒண்ணுமத்ததுக எத்தன கெடக்கு ஊருல. அதுகளுக்குப் போகட்டும்."

"நீங்க சுளகு வச்சுப் பொறுக்குறீகளா?" என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. பேராசைக்காரி என்று அதற்கு அர்த்தம்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்னக்கொடி விஷயத்தில் வாய் அவளுடையது, போஜனம் பறிபோனது அக்காவுக்கு. வருஷக்கணக்காகச் சேவு போட்டு வளர்த்த பொய். நன்றாக வளர்ந்துவிட்டது. அதை அடிக்க அவளிடம் இப்போது தடியில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் பொய்க்காரியாகத் திரும்பி வந்தாள்.

அன்றைக்குப் படுத்தும் தூங்காமல் கிடந்தவள், விடிந்ததும் ஒரு காரியம் செய்தாள். கைப்பையை ஆணியிலேயே விட்டுவிட்டாள். வேலைக்குக் கட்டுகிற பழைய சேலை ஒன்று இருந்தது. ஸ்டோருக்குப் போய்த்தான் அதை மாற்றிக்கொள்வாள். அதை வீட்டிலேயே கட்டிக்கொண்டாள். மேலே தூசிக்குப் போடுகிற ஆண் சட்டை. தூக்குவாளியில் கஞ்சி. அப்படியே தெரு வழியாக நடந்து டீக்கடை வாசலில் போய் நின்றாள்.

கடையில் காலைக் கூட்டம். சின்ராசு பார்த்தான். எல்லோரும் பார்ப்பது தெரிந்தது. வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்துவிடு என்று கால் இரண்டும் கெஞ்சின. வேன் வர அன்றைக்கென்று தாமதமானது.

வேன் வந்து நின்றதும் உள்ளேயிருந்து அமுதவள்ளி எட்டிப் பார்த்தாள். தேவாரத்துக்காரி, ஸ்டோரில் அன்னக்கொடிக்குப் பக்கத்து இடம், வாய் கொஞ்சம் அதிகம்.

"என்ன அன்னக்கொடி, இன்னிக்கி இங்கன ஏறுற? பாலம் எந்திரிச்சு நடந்துபோயிருச்சா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். "நேத்து எங்க போன? ஒன் சொளக அந்தப் புதுப் புள்ள எடுத்துக்கிட்டு ஒரே சண்ட. மேஸ்திரி வேற, ஒன் பங்குல வெடிச்ச காய் கெடந்துச்சு, கூலியப் பிடிப்பேன்னு வஞ்சுக்கிட்டுக் கெடக்காரு. வெரசா ஏறு."

கடையில் எல்லாத் தலையும் வேன் பக்கம் திரும்பியது. அமுதவள்ளிக்கு அது புரியவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தாள். அன்னக்கொடி ஏறும்போது ஒரு கணம் திரும்பினாள். சின்ராசு கையில் டம்ளரோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜக்கையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கன்னமும் காதும் எரிந்தன. போடி வருகிற வரைக்கும் அமுதவள்ளி பேசியதில் ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறவில்லை.

சொன்னபடி ரேணுகா அடுத்த வாரம் வந்தாள். இந்தத் தடவை சின்ராசு முந்திக்கொள்ளவில்லை. கேட்ட பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, "காய் பொறுக்கத்தான் போறாக. வண்டி இங்கனதான் நிக்கிது, நானே பாத்தேன்" என்றான். பஞ்சப்படியைப் பற்றிக் கேட்டதற்கு, "எங்களுக்கு என்ன தெரியும். வாங்கிக் குடுத்தாக, தின்னோம்" என்றான். மொக்கம்மாளிடம் ரேணுகா கேட்டபோது அவள் தங்கையைப் பார்த்தாள். இந்தத் தடவை அன்னக்கொடி குனியவில்லை.

"அக்கா, உள்ளதச் சொல்லு" என்றாள்.

"மாத்தர வாங்க முடியல தாயி" என்றாள் மொக்கம்மாள். "அவளும் பாவம் என்ன செய்வா."

அதன் பிறகு ஊர் அன்னக்கொடியைத் தள்ளிவைக்கவில்லை, ஏசவும் இல்லை. டீச்சர் என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. சின்ராசு இப்போது யக்கா என்கிறான். பஸ்சில் யாரும் எழுந்திருப்பதில்லை. அடுத்த பஞ்சப்படி அறிவிப்பு வந்த அன்று அவள் கடைப் பக்கம் போகவில்லை, யாரும் அவளைத் தேடவும் இல்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, குத்தவும் செய்தது.

மொக்கம்மாளுக்குப் பணம் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. கைரேகை மெஷினோடு ஊருக்கு வருகிற வங்கிப் பெண் ரோஜா, மொக்கம்மாளின் தேய்ந்த விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் கடைசியில் ஒரு விரலில் பிடித்தாள். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மொக்கம்மாள் கேட்டாள்.

"இது வருசா வருசம் ஏறுமா தாயி?"

"அப்படியெல்லாம் தானா ஏறாது பாட்டி. எப்பவாச்சும் அறிவிச்சாத்தான்."

"அப்ப எந்தங்கச்சிக்கு வர்ற மாதிரித்தான்னு சொல்லு" என்றாள் மொக்கம்மாள். "மலையிலயும் அப்பிடித்தான். காய் வெல ஏறுனா எங்க கூலி ஏறாது. காய் வெல எறங்குனா மட்டும் கூலியப் பிடிப்பாக."

ரோஜா சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்னக்கொடி அன்று வேலைக்குப் போகவில்லை, அடுப்படியில் இருந்தாள். சிலிண்டர் தீர்ந்து, கொல்லையில் பொறுக்கிய சுள்ளியை வைத்துச் சமைக்க ஆரம்பித்திருந்தாள். ஈரச் சுள்ளி, வீடு முழுக்கப் புகை. அக்கா கேட்டால், சுள்ளியில் வைக்கிற குழம்புதான் ருசி என்று சொல்வதாக இருந்தாள்.

மொக்கம்மாள் சுவரைப் பிடித்தபடி வந்து, மடியிலிருந்த பணம் முழுவதையும் எடுத்து நீட்டினாள்.

"எஞ்சோத்துக்கு."

அன்னக்கொடிக்கு, தன்னைப் படிக்க வைத்த கை மறுபடியும் நீள்கிறதே என்று குறுகிப்போனது. அக்காவின் மாத்திரை, அக்காவின் செருப்பு, எத்தனையோ இருக்கிறது. வேண்டாம்க்கா, நீயே வச்சுக்க, எனக்கு இருக்கு என்று சொல்ல வாயெடுத்தாள்.

எனக்கு இருக்கு என்றால் அது இன்னொரு பொய். கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.